கேமரா காட்டிய ஆள் குற்றவாளி என்று யார் முடிவு செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ‘பெர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ தொடரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். 2011-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் தொடங்கி 2016-இல் 103 எபிசோடுகளோடு முடிந்த தொடர் அது. இப்போது எங்கே பார்த்தாலும் ஏஐ பேச்சாக இருப்பதால் மறுபடியும் தேடிப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தது சரிதான். ஜிம் கவீசலின் சண்டை, அவருடைய கோட்டு, மைக்கேல் எமர்சன் காலை இழுத்து இழுத்து நடப்பது எல்லாவற்றையும் ரசித்து எழுதிவிட்டு, கடைசியில் கட்டுரையாளர் ஒரு வரி சேர்த்திருந்தார்: வடசென்னை மாதிரி இடங்களுக்கு இப்படி ஒரு மெஷின் இருந்தால் கொலை விழுவதற்கு முன்பே ஆளைத் தூக்கிவிடலாம் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. பிறந்தது, படித்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இங்கேயேதான். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். என் மகளோடு உட்கார்ந்து இந்தத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த தொடர். பிடித்ததால்தான் உங்கள் கட்டுரையாளர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது மனதை உறுத்துகிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஹெரால்ட் ஃபின்ச் என்பவர் அமெரிக்க அரசுக்காக ஒரு மெஷின் செய்து கொடுக்கிறார். தெருவில் இருக்கிற கேமரா, போன் பேச்சு, மின்னஞ்சல் என்று ஒன்று விடாமல் அது பார்க்கும், கேட்கும். பெரிய தீவிரவாதச் சதி என்றால் அரசுக்குத் தகவல் போகும். புருஷன் பெண்டாட்டியைக் கொல்லப் பார்க்கிறான், கடன்காரன் கடையை எரிக்கப் போகிறான் என்பதெல்லாம் அரசுக்கு வேண்டாத தகவல், அந்தப் பட்டியல் தினமும் நள்ளிரவில் அழிக்கப்பட்டுவிடும். அப்படி அழிகிற பட்டியலில் இருக்கிறவர்களைக் காப்பாற்றத்தான் ஃபின்ச் முன்னாள் சிஐஏ ஆளான ரீஸைக் கூட்டு சேர்க்கிறார்.

இதில் கட்டுரையாளர் கோட்டை விட்ட இடம் ஒன்று இருக்கிறது. மெஷின் அவர்களுக்குக் கொடுப்பது ஒரே ஒரு எண், நம்ம ஆதார் மாதிரி அந்த நாட்டு ஆட்களுக்கு இருக்கிற சோஷியல் செக்யூரிட்டி எண், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு உரியவர் கொல்லப்போகிறவரா, கொல்லப்படப்போகிறவரா என்று அது சொல்லவே சொல்லாது. இது ஏதோ மெஷினின் குறைபாடு என்று நினைக்கக் கூடாது, ஃபின்ச் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார், கேட்டதையெல்லாம் கொட்டிக் கொடுக்கிற மெஷின் எவன் கையில் கிடைத்தாலும் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது ஒருத்தர் தெருவில் இறங்கி, பின்னாலேயே போய், பேச்சுக் கொடுத்து, அக்கம்பக்கம் விசாரித்து, இந்த ஆள் யார் என்று தெரிந்துகொண்டாக வேண்டும். முதல் எபிசோடிலேயே ஒரு பெண் அரசு வழக்கறிஞரின் எண் வருகிறது. நேர்மையான அம்மா, இவரைத்தான் யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்று ரீஸ் காவலுக்கு நிற்கிறார். கடைசியில் பார்த்தால் ஊழல் போலீஸ்காரர்களோடு சேர்ந்து கொலைக்குத் திட்டம் போடுவதே அந்த அம்மாதான். ஐந்து சீசனும் இந்த ஒரு அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

அதே தொடரில் இன்னொரு மெஷினும் வருகிறது, சமாரிட்டன் என்று பெயர். அது எண்ணோடு நிற்காது. யார் நல்லவன், யார் இருக்கக் கூடாதவன் என்று தானே முடிவு செய்து, தானே ஆளை அனுப்பும். மூன்றாவது சீசன் கடைசியில் அது முழுசாக விழித்துக்கொண்டதும், நமக்குப் பழகிய அத்தனை பேரும் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழவேண்டி வருகிறது. கொலை விழுவதற்கு முன்பே ஆளைத் தூக்கு என்றால் அது ஃபின்ச்சின் மெஷின் செய்கிற வேலை இல்லை ஐயா. உங்கள் கட்டுரையாளர் எங்கள் ஊருக்குக் கேட்பது சமாரிட்டனை.

2015 ஜனவரியில் வந்த ஒரு எபிசோடையும் சொல்லியாக வேண்டும், ‘இஃப் தென் எல்ஸ்’ என்று பெயர். ஃபின்ச் ஒரு பூங்காவில் உட்கார்ந்து மெஷினுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிற பழைய காட்சிகள் நடுநடுவே வரும். கடைசிப் பாடத்தில், தனக்கு இந்த ஆட்டமே பிடிக்காது என்கிறார். ராஜாவுக்கு ஒரு விலை, சிப்பாய்க்கு ஒரு விலை என்று நினைத்த கொடூரமான காலத்தில் பிறந்த ஆட்டம் இது, நீ மனிதர்களை அப்படிப் பார்க்காதே, யாரும் யாரைவிடவும் விலை கூடியவர்கள் கிடையாது என்று அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் பக்கம் செஸ்ஸைவிட கேரம்தான் அதிகம், உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கி வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்தபோது இது எங்களுக்காக எழுதின மாதிரியே இருந்தது. வடசென்னை என்றாலே அரிவாள், கஞ்சா, ரவுடி என்று எழுதுகிறவர்கள் அந்த ஒரு பாடத்தையாவது கேட்டிருக்க வேண்டும்.

சரி, இது கதை என்று விட்டுவிடலாம். ஆனால் நிஜத்தில் எங்கள் தெருவுக்கு மெஷின் ஏற்கெனவே வந்துவிட்டதே. 2021-இல் உலக நகரங்களை வைத்து எடுத்த ஒரு கணக்கில், பரப்பளவுக்கு எத்தனை கேமரா என்று பார்த்தபோது டெல்லி, லண்டனுக்கு அடுத்து மூன்றாவது இடம் சென்னைக்கு. அதே ஆண்டு தமிழ்நாடு காவல்துறைக்கு முக அடையாள மென்பொருளும் வந்தது. போனில் ஒருவரைப் படம் எடுத்தால், பழைய குற்றவாளிகள், காணாமல் போனவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். 2024 மே மாதம் அதன் போர்ட்டலுக்குள் வெளியாள் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நான் கேமராவே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. எங்கள் கடை வாசலிலும் இருக்கிறது, செயின் பறித்தவனைப் பிடிக்க அது உதவியிருக்கிறது, கூட்டத்தில் காணாமல் போன குழந்தையைத் தேட உதவியிருக்கிறது. நடந்த ஒன்றைப் பார்க்கக் கேமரா நல்ல சாட்சிதான். முகத்தைப் பார்த்து ஆளை முடிவு பண்ணுகிற வேலைக்குத்தான் அதை நம்ப முடியவில்லை. டெல்லி போலீஸ் தன்னுடைய முக அடையாள மென்பொருள் 2 சதவீதம்தான் சரியாக இருக்கிறது என்று 2018-இல் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அடுத்த வருடம், அது ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை என்று மத்திய அரசே அதே நீதிமன்றத்தில் சொன்னது. பிற்பாடு வந்த மென்பொருள்கள் எவ்வளவோ தேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 2019-இல் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி நிறைய மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்து, வெள்ளைக்காரர்களைவிட கறுப்பின மக்கள், ஆசியர்கள் முகங்களில் பல மென்பொருள்கள் 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக ஆள் மாற்றிச் சொல்கின்றன என்று அறிக்கை கொடுத்தது. அந்த நாட்டு டெட்ராய்ட் நகரப் போலீஸ்காரர்கள் 2020 ஜனவரியில் ஒரு கறுப்பின மனிதரை, மென்பொருள் சொன்னதை நம்பி, மனைவி பிள்ளைகள் கண்ணெதிரே வீட்டு வாசலில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். கடையில் கடிகாரம் திருடியது வேறு ஆள்.

அவ்வளவு தூரம் எதற்கு? தெலங்கானா மேடக் போலீஸ் 2023 ஜனவரி கடைசியில் ஒரு கூலித் தொழிலாளியை, செயின் பறிப்பு சிசிடிவி காட்சியில் இருந்த ஆள் ஜாடையில் இருக்கிறார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். போலீஸ் அடித்த அடியை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே வீடியோவில் சொல்லிவிட்டு, பிப்ரவரியில் இறந்துபோனார். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஜாடை, அவ்வளவுதான் காரணம்.

என் அக்கா மகனுக்கு நடந்ததையும் சொல்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற வேலை அவனுக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஏலத்துக்கு முன்னால் வேலை முடியும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வழியில் ரோந்துக்காரர்கள் நிறுத்தி, டார்ச்சை முகத்தில் அடித்து, ‘நிமிர்ந்து பார்றா’ என்று போனில் படம் எடுத்தார்கள். திரையில் அவன் படமும் வேறு ஏதோ மாவட்டத்து வழிப்பறி வழக்குக்காரன் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. இளவயதுக் காவலர் வண்டியில் ஏறச் சொல்லிவிட்டார். கூட இருந்த ஏட்டையா மட்டும் போனை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இவன் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, ‘காது வேற மாதிரி இருக்குதேப்பா’ என்றாராம். ஆனாலும் கூட்டிப்போனார்கள். விடிந்து அதிகாரி வந்து பார்க்கிறவரை பெஞ்சில் உட்கார வைத்திருந்து, அப்புறம் ‘சரி போ’ என்று அனுப்பினார்கள். ஈரத் துணியோடு வந்து நின்றான். அன்றைய கூலி போனது. எடுத்த படத்தை அழித்துவிட்டீர்களா சார் என்று என் அக்கா போய்க் கேட்டதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த ஏட்டையாவை நான் பார்த்ததில்லை, ஆனால் அவரைக் கும்பிட வேண்டும். நம்ம ஊரில் ஃபின்ச்சின் வேலையைச் செய்தவர் அவர்தான், மெஷின் சொன்னதும் தன் கண்ணால் ஒரு தரம் பார்த்தார். அவர் சொல்லுக்கு அந்த ராத்திரியில் மதிப்பு இல்லாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மென்பொருள் ஒப்பிடுகிற அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? எங்கள் பக்கத்துப் பையன்களைச் சின்ன வயதிலேயே சந்தேகக் கேஸில் கூட்டிப்போய்ப் பெயரும் படமும் எடுத்து வைப்பது இன்று நேற்று நடப்பதில்லை. பதினெட்டு வயதில் ஒரு தெருச் சண்டை, அதற்கு ஒரு வழக்கு, அப்புறம் தேர்தல் வந்தால் நன்னடத்தைப் பத்திரம், திருவிழா வந்தால் ஸ்டேஷனில் ஆஜர். அவன் கல்யாணம் பண்ணி, ஆட்டோ ஓட்டி, பிள்ளையை ஸ்கூலில் விட்ட பிறகும் பட்டியலில் பெயர் இருக்கும். எல்லா வலையையும் ஒரே இடத்தில் வீசினால் அங்கேதான் மீன் விழும், கடலில் வேறெங்கும் மீனே இல்லை என்று அர்த்தமாகாது. அடையாறிலும் அண்ணா நகரிலும் ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பையன்கள் முகத்தில் டார்ச் அடித்துப் படம் எடுக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள், அவள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், புட்டசாமி வழக்கு. 2022-இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. கைது செய்யப்பட்டவரின் படம், கைரேகை, கருவிழி எல்லாவற்றையும் 75 வருடம் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. 2023 தனிநபர் தரவுச் சட்டத்திலோ, மத்திய அரசு அறிவிக்கிற அரசு அமைப்புகளுக்குப் பொது ஒழுங்கு என்ற பெயரில் விலக்கு கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். கைதே செய்யாமல் ரோட்டில் நிறுத்தி எடுத்த என் அக்கா மகன் படம் இதில் எந்தக் கணக்கில் வரும்? அவன் விடுதலையாவதற்கு வழக்கே இல்லையே.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் நிருபரை அனுப்பிக் காவல்துறையிடம் கேட்டு எழுதுங்கள்: ரோந்தில் எடுக்கிற படங்கள் எத்தனை நாள் இருக்கும், எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் ஆளைக் கூட்டிப்போகிறார்கள், தப்பாக வந்த பொருத்தங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்களா, எந்தக் காவல் எல்லையில் எத்தனை பேரைப் படம் எடுத்திருக்கிறார்கள். டெல்லி போலீஸ் 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறது என்பது 2022-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதால்தான் வெளியே வந்தது, அப்படி ஒரு மனுவை நாங்களும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பதில் வந்தால் உங்களுக்கு ஒரு நகல் அனுப்புகிறேன், அந்தத் தொடருக்குக் கொடுத்த அதே அரைப் பக்கத்தை அதற்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.