சுழற்றி எடுத்த நகலிலும் கட்டுப்பாடுகள் நிலைக்க வேண்டும்

கணினிவழி வடிவமைப்புக்கான கேட் (CAD) மென்பொருள்களின் ஸ்கெட்ச் கருவிகளை உருவாக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

நாள்தோறும் ஸ்கெட்ச் வரைந்து அதிலிருந்து உதிரிபாகங்களை வடிவமைப்பவன் என்ற முறையில், ஒரே ஒரு கருவியைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். வரைந்த வடிவத்தை ஒரு மையத்தைச் சுற்றித் திருப்பி, வேண்டிய எண்ணிக்கையில் நகலெடுக்கும் கருவி அது. கோடுகளை உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பதில் அது தவறுவதில்லை. அக்கோடுகளைப் பிணைத்திருந்த கட்டுப்பாடுகள், அதாவது கோடுகள் எப்படி அமைய வேண்டும் என்று நாங்கள் இடும் நிபந்தனைகள், நகலில் என்ன ஆகின்றன என்பதே என் கவலை.

ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலைகளிலும் முனைகள் இணைந்துள்ளன. இரண்டு கோடுகள் கிடைமட்டம், இரண்டு செங்குத்து. நீளத்துக்கும் அகலத்துக்கும் அளவு கொடுத்தாயிற்று. இனி அது இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரலாம், அவ்வளவுதான். மிஞ்சியிருக்கும் விடுதலை, அதாவது வடிவம் தன்னிச்சையாக மாறக்கூடிய வழிகள், இரண்டே. இதை 30 பாகை திருப்பி நகலெடுத்தால், கிடைமட்டம், செங்குத்து என்ற நான்கு கட்டுப்பாடுகளும் நகலுக்குப் பொருந்தா. ஆகவே கருவி அவற்றைச் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கிவிட்டால், இரண்டாக இருந்த விடுதலை ஆறாகிவிடுகிறது. திரையில் அது இன்னமும் செவ்வகமாகவே தெரியும். ஆனால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்த மாத்திரத்தில் கோணலான நாற்கரமாகிவிடும். எங்கோ வேறோர் அளவை மாற்றும்போது தானாகவே அப்படி ஆனாலும் வியப்பதற்கில்லை.

இதற்கான மாற்றை மென்பொருளே கணக்கிட முடியும். நகலின் மூன்று மூலைகளில் செங்கோணக் கட்டுப்பாட்டை இட்டால் வடிவம் காக்கப்படும். மூலத்தின் ஒரு கோட்டுக்கும் நகலில் அதற்கு நிகரான கோட்டுக்கும் இடையே 30 பாகை என்ற கோண அளவை இட்டால் திருப்பமும் நிலைக்கும். ஆறு மறுபடியும் இரண்டாகிவிடுகிறது. நீளத்தையும் அகலத்தையும் நகலில் தனி எண்களாக எழுதுவதைவிட, மூலத்தின் கோடுகளோடு சமம் என்று பிணைப்பதே நல்லது என்பது என் கருத்து. அப்போது மூலத்தில் ஓர் எண்ணை மாற்றினால் நகல்கள் யாவும் மாறும். ஃபிரீகேட் மென்பொருளின் சுழற்றும் கருவி இந்தச் சமப் பிணைப்பை ஒரு தெரிவாகத் தருவதைப் பாராட்டவே வேண்டும்.

கோணத்தையும் எண்ணிக்கையையும் பெறும் பெட்டியிலும் தெளிவு தேவை. மொத்தம் 360 பாகை, ஆறு வடிவங்கள் என்று உள்ளிட்டால், சுற்று முழுமையானது என்பதை உணர்ந்து 60 பாகை இடைவெளி விட வேண்டும். தொடக்கத்திலிருந்து இறுதி வரை 360 என்று எடுத்துக்கொண்டால் இடைவெளி 72 ஆகி, ஆறாவது வடிவம் முதலாவதன் மேலேயே விழுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள் கண்ணுக்குத் தெரியா; அந்த ஸ்கெட்ச்சைத் திடவடிவமாக்கும்போதோ லேசர் வெட்டுக்கு அனுப்பும்போதோதான் சிக்கல் வெளிப்படும். ஏழு வடிவங்கள் வேண்டுமென்றால் 360/7 என்று எழுதவும் இடம் வேண்டும். 51.4 என்று முழுமைப்படுத்தினால் கடைசி இடைவெளி 51.6 பாகையாகிவிடுகிறது, அந்த 0.2 பாகை வேறுபாடு 100 மில்லிமீட்டர் ஆரத்தில் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். போல்ட் துளைகளைப் பொறுத்தவரை இது சிறிய பிழையன்று.

நகலெடுத்து முடிந்த பிறகும் மையப்புள்ளி, கோணம், எண்ணிக்கை ஆகிய மூன்றும் திருத்தக்கூடியவையாக இருக்க வேண்டும். ஆறை எட்டாக்க எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் வரைய நேர்வது வீண் உழைப்பு. 1963-இல் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லாந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டின் ஸ்கெட்ச்பேட் என்ற வரைவு நிரலிலேயே மூல வடிவத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் எல்லாம் மாறின. அப்பிரதிகளைத் திருப்பி வைக்கவும் முடிந்தது. அன்றே செய்து காட்டப்பட்ட ஒன்றைத்தான் இன்று கேட்கிறோம். மூலத்தோடு தொடர்பில்லாத தனி நகல் வேண்டுவோருக்கு அது விருப்பத் தெரிவாக இருக்கட்டும்.

எவ்வளவு முயன்றாலும் சில கட்டுப்பாடுகளை மாற்றீடு செய்ய இயலாமல் போகலாம். அத்தகைய இடத்தில், எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது என்பதைச் செயலை உறுதிசெய்வதற்கு முன்பே பட்டியலிட்டு, அக்கோடுகளைத் திரையில் நிறம் மாற்றிக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை நம்பி வரையும் ஒரு வடிவமைப்பாளன்