சுப்பையாவுக்கு, பர்மாவின் மோல்மேனிலிருந்து

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லோரும் சுகம், பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது.

அண்ணன் போன வெள்ளிக்கிழமை எங்களைக் கதிகலங்க வைத்துவிட்டார். விடிகாலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு, கூடவே சர்க்கரை மாத்திரை. ஒரு வாய் சாப்பிடாமல் கோயிலுக்குக் கிளம்பி, வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டையெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அண்ணி விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தால் வெறும் 46, ரொம்பக் குறைவு. சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். கால் மணி நேரம் கழித்துத்தான், "ஏன் எல்லோரும் நிற்கிறீங்க?" என்றார்.

அவர் போடும் மாத்திரை கிளிபென்கிளமைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்குமாம். பாகற்காயும் தன் பங்குக்கு இறக்கும். வயிறும் காலி என்றால் சர்க்கரை எங்கே போய் நிற்கும்?

அன்று ராத்திரி உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ரங்கூன் தெயின்ஜி சந்தையில் சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் இலைப் பொடி வாங்குகிறாய், இன்சுலின் ஊசியைப் பாதியாக்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது எனக்கு உறைக்கவே இல்லை.

சிறுகுறிஞ்சானை நான் பழிக்கவில்லை. உன் மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த இலையை மென்றுவிட்டு வெல்லத்தைக் கடித்தோமே, வாயில் மணல் மாதிரி இருந்ததே! சர்க்கரைக்கொல்லி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? ஆனால் நாக்கில் இனிப்பு தெரியாமல் போவது வேறு, ரத்தத்தில் இறங்குவது வேறு. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரைகூட காலேகா என்ற ஐரோப்பியச் செடியின் வழியில் வந்ததுதான். அதற்கு மில்லிகிராம் கணக்கு உண்டு. உன் பொடி இன்று ஒரு ஸ்பூன், நாளை ஒன்றரை.

அப்புறம், கெட்டிப்பால் டீயை நாளைக்கு நாலு குடித்துவிட்டுப் பொடியை நம்பினால் அது பாவம் என்ன செய்யும்! வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பாட்டோடு சாப்பிடு, அந்த வழவழப்பு சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும். ஆனால் ஊசிக்குப் பதில் எதுவும் வேண்டாம்.

போனில் சொன்னால் சிரித்துத் தட்டிக்கழிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். இந்த வாரமே பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. மறைக்காதே. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்க்கச் சொல். எத்தனை காட்டியது என்று எனக்கு எழுது.

உன்,
முருகேசன்