பழைய நாடக நோட்டீஸ் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், கூட்டம் முடிகிற நேரம் பார்த்துக் காப்பிக்கு வந்து சேரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழைக்காலத்தில் ஒன்று தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்பதும் அவருக்குத் தெரியும். நான் சேகரிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்த ஆண்டின் பெரிய வரவு ஒரு தகரப் பெட்டி. உறுப்பினர் ஒருவரின் உறவினர் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்கியது. உள்ளே நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், பாதி கிழித்த டிக்கெட்டுகள், நிறம் போன ஒரு கிரீடம், ஒரு ஒப்பனைப் பெட்டி எல்லாம் இருந்தன. காசு எதுவும் வாங்காமல் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு நகல் தரவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதை நிறைவேற்றிவிட்டோம்.

பெட்டியிலிருந்த ஒரு ‘பவளக்கொடி’ நாடக நோட்டீஸ்தான் பல கூட்டங்களை விழுங்கியது. ரோஸ் நிறக் காகிதம். ‘ஆகஸ்டு 18, சனிக்கிழமை இரவு’ என்று போட்டிருக்கிறது, வருஷம் இல்லை. அந்தக் காலத்து நோட்டீஸ்களில் இது சகஜம். இரண்டு நாளில் தூக்கிப்போடப் போகிற தாளுக்கு வருஷம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நாட்காட்டிக் கணக்குப் போட்டால் ஆகஸ்டு 18 சனிக்கிழமையில் வரும் ஆண்டுகள் 1917, 1923, 1928, 1934. ‘காலஞ்சென்ற சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய’ என்று நோட்டீஸில் இருப்பதால் 1917 அடிபட்டுப் போயிற்று. சுவாமிகள் புதுச்சேரியில் காலமானது 1922 நவம்பரில். அப்புறம் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தோம். வீட்டில் யாரோ பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள், அதன் தலைப்பில் 1928 செப்டம்பர். ஆகவே 1934-உம் போயிற்று. 1923-ஆ 1928-ஆ என்பது மட்டும் பாக்கி.

அதையும் அடியிலிருக்கும் கடைசி வரி தீர்த்துவைத்திருக்கலாம். அப்போது நடப்பில் இருந்த 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி, அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டியிருந்தது. நாடக நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் வரும் வரி அதுதான். எந்த அச்சகம் எந்த ஊரில் எப்போது இயங்கியது என்று தெரிந்தால் நோட்டீஸின் வயதும் கம்பெனி முகாமிட்டிருந்த ஊரும் சேர்ந்தே கிடைக்கும். நம் பவளக்கொடியில் அந்த வரி இல்லை. கண்ணாடி போட்ட படச் சட்டத்துக்குள் அடக்குவதற்காக யாரோ ஒரு காலத்தில் கத்தரிக்கோல் போட்டிருக்கிறார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்திலேயே நோட்டீஸை ‘சுத்தம்’ செய்து கொண்டுவரும் பழக்கம் இருக்கிறது. ஓரம் வெட்டுவது, பின்பக்க எழுத்தை ரப்பரால் அழிப்பது, அட்டையில் ஒட்டுவது. ராஜபார்ட்டின், அதாவது கதாநாயக நடிகரின், படம் நன்றாகத் தெரிந்தால் போதும் என்கிற நினைப்பு. அந்தப் படத்தையும் முழுக்க நம்ப முடியாது. ஒரு நடிகரின் படத்துக்கு ஒருமுறை அச்சு பிளாக் செய்துவிட்டால் வருஷக்கணக்கில் அதையே வைத்து அச்சடிப்பார்கள். நாற்பது வயதுக்காரர் நோட்டீஸில் இருபத்தைந்து வயதில் சிரித்துக்கொண்டிருப்பார். அச்சக வரியும், கட்டண விவரமும், பால் கணக்கும்தான் நமக்குத் துப்புக் கொடுக்கின்றன. இனி எந்தப் பொருள் வந்தாலும் கை வைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எந்த வீட்டில் எந்த நிலையில் கிடைத்தது என்று பதிவேட்டில் எழுதவேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

கட்டணத்தைப் படிக்கத் தெரியாமல் இளம் உறுப்பினர்கள் திண்டாடுகிறார்கள். 1-8-0 என்றால் ஒரு ரூபாய் எட்டு அணா, அதாவது ஒன்றரை ரூபாய். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1957 ஏப்ரலில் புதுக்காசு வரும்வரை இதுதான் கணக்கு. சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று இறங்கும் வரிசையும், ‘ஸ்திரீகளுக்குத் தனி இடம்’ என்ற அறிவிப்பும் கொட்டகைக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும். பாட்டுப் புத்தகங்களில் ஆங்கில வருஷத்துக்குப் பதில் தமிழ் வருஷம் இருக்கும். துந்துபி என்றால் 1922 ஏப்ரலில் தொடங்கிய வருஷம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பும் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாடக நடிகர் விசுவநாத தாஸ் பற்றி நடந்த சொற்பொழிவுக்கு இந்த ஆண்டின் அதிகக் கூட்டம். அவர் நடித்த நாடகங்களுக்கான நோட்டீஸைப் பார்த்தால் ‘வள்ளி திருமணம்’ என்றுதான் இருக்கும். மேடையில் அவர் தினைப்புனத்துக் கொக்கை விரட்டும் சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டிப் பாடுவார், போலீஸ் காத்திருந்து பிடித்துக்கொண்டு போகும். நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரம் கொடுத்த 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அரசின் கையில் இருந்த காலம் அது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்த இரவின் நோட்டீஸும் சாதாரண வள்ளி திருமண நோட்டீஸாகவே இருந்திருக்கும். நோட்டீஸ் கொட்டகை வாசல்வரைதான் நம்மைக் கூட்டிப்போகும். உள்ளே நடந்ததற்குப் பம்மல் சம்பந்த முதலியார், டி.கே. சண்முகம் போன்றவர்கள் எழுதிவைத்த நினைவுகளைத்தான் நாடவேண்டும். அதுவும் தொழில்முறைக் கம்பெனி நாடகத்துக்குச் சண்முகம், பொழுதுபோக்காக நடித்த சபா நாடகத்துக்கு முதலியார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய முதலியாரின் உலகமும், 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபை என்ற கம்பெனியில் சேர்ந்த சண்முகம் போன்ற சிறுவர்களின் உலகமும் வேறு வேறு. நம் பதிவேட்டிலும் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறோம். ஸ்பெஷல் நாடகம், அதாவது வெவ்வேறு இடத்து நடிகர்களை ஓர் ஆட்டத்துக்காகச் சேர்த்து நடத்தும் நாடகம், அதன் நோட்டீஸ்களுக்கு மூன்றாவது பிரிவு. அவற்றில் கம்பெனிப் பெயரை விட ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் யார் யார் என்பதே பெரிதாக இருக்கும்.

கும்பகோணம் பாலாமணி அம்மாளின் பெண்கள் கம்பெனி நோட்டீஸ் ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். என் ஆசையும் அதுதான். வைத்திருப்பவர்கள் தரவேண்டாம், காட்டினால் போதும்.

சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு குழு போய்வந்தது. முத்தையா கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். புத்தகங்களோடு, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்துப் பாதுகாக்க 1994-இல் நூலகம் உருவானது. ஓர் ஊர்க்காரரின் வீட்டுச் சேகரிப்பு அந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதை நேரில் பார்த்த பிறகு, பதிவேடு எழுதச் சலித்துக்கொண்டவர்களின் முனகல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

போலிகள் பெருகிவிட்டன. தேநீரில் முக்கிக் காயவைத்த காகிதத்தில் கம்ப்யூட்டர் பிரிண்ட் எடுத்து ‘1920 கிட்டப்பா’ என்று விற்கிறார்கள். 1920-இல் பாட்டுக்குப் பெயர்போன நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு வயது பதினான்கு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘றா’ ஆகிய எழுத்துகளைப் பாருங்கள். லை, னை, ணை எல்லாம் முன்பு யானைத் துதிக்கை போன்ற வளைவு வைத்த வடிவில்தான் அச்சாகும், ‘றா’வுக்குத் தனிக் கால் இருக்காது. தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்கு முந்தைய நோட்டீஸில் இன்றைய ‘லை’ வரிசையாக நின்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். எழுத்து சரியாக இருந்தால் தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். ஈய எழுத்தை அழுத்தி அடித்ததில் பின்பக்கம் மேடு தட்டும். பூதக்கண்ணாடியில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது புதுசு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பழைய நோட்டீஸ்களை அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், வரலாற்று, இலக்கிய, கலை மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 ஆண்டு, மற்றப் பழம்பொருள்களுக்கு 100 ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வயதை எட்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. ஸ்கேன் செய்து அனுப்பலாம், அதற்குத் தடை இல்லை.

பராமரிப்பு பற்றி ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுதான், ஆனாலும் சொல்கிறேன். லேமினேட் செய்யாதீர்கள். மலிவுக் காகிதத்தில் இருக்கும் அமிலம் உள்ளேயே அடைபட்டுத் தாளைத் தின்னும், பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் ஆகாது. அமிலமற்ற உறையில், மடிக்காமல், படுக்கைவாட்டில் வைத்தால் போதும். இசைத்தட்டுகளை மட்டும் நிறுத்தி வையுங்கள். 78 சுற்று இசைத்தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கிட்டப்பாவின் குரல் பஞ்சோடு வந்துவிடும். பெட்டியில் கிடைத்த ஒப்பனைப் பொடிகளை யாரும் வெறும் கையால் தொடவேண்டாம். அதில் மஞ்சளாக இருப்பது அரிதாரம் என்றால் அது ஆர்சனிக் சேர்ந்த விஷம். அதைப் பூசிக்கொண்டு விடிய விடிய எப்படிப் பாடினார்களோ!

கடைசியாக, பொதுக்குழு இன்று முடிவு செய்யவேண்டிய ஒரு விஷயம். தர்பார் காட்சி எழுதிய பழைய படுதா, அதாவது நாடக மேடையின் ஓவியத் திரை, ஒன்று நம் பொறுப்புக்கு வந்திருக்கிறது. பசை கலந்த நீர்வண்ணத்தில் எழுதியது, ஈரத்துணி பட்டாலே நிறம் கையோடு வரும். இப்போது மடித்து வைத்திருப்பதால் மடிப்பு விழுந்த இடங்களில் வண்ணம் உதிர்கிறது. பருமனான குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி வைக்கவேண்டும். படுதாவின் அகலத்துக்குக் குழாய் வாங்கினால் அது நம் அறையின் கதவு வழியாக நுழையாது. வேறு இடம் பார்ப்பதா, வசதியுள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுவதா என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து, தலைவர் அதை ஏற்கவில்லை. அது காலண்டர் படங்களால் பெயர்பெற்ற ஓவியர் கொண்டையராஜு எழுதியது என்று சிலர் சொல்லிவருகிறார்கள். கோவில்பட்டிக்கு வருமுன் அவர் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர் என்பது உண்மைதான். ஆனால் இந்தத் துணியில் கையெழுத்து இல்லை, கைமாறிய விவரத்துக்கு ஆதாரமும் இல்லை. பதிவேட்டில் ‘ஓவியர் பெயர் இல்லை’ என்றே எழுதியிருக்கிறேன். அதை மாற்றக் கோரி வந்த கடிதமும் வாக்கெடுப்புக்கு முன் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்