தஸ்பீஹ் மணிகள் பற்றி ரஃபீக்குக்கு

அன்புள்ள ரஃபீக்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லை. இரண்டு பக்கமும் உன் பாட்டனாரின் தஸ்பீஹ், அதாவது தொழுகையில் உருட்டும் அந்த மணிமாலை, அம்பரா என்பது பற்றித்தான்.

படத்தை மட்டும் பார்த்து அம்பர்தான், கல்லாய் இறுகிய பழைய மரப்பிசின்தான் என்று சொல்லிவிட முடியாது. எல்லா மணிகளும் ஒரே சீராக, செர்ரிப் பழச் சிவப்பில் இருப்பது எனக்கு உறுத்துகிறது. அம்பரும் காலப்போக்கில் காற்றுப்பட்டுச் சிவக்கும். ஆனால் அது மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளிறங்கும், மணிக்கு மணி வேறுபடும். 1907இல் பேக்லேண்ட் பேக்லைட் என்ற செயற்கைப் பிசினை, பழைய பிளாஸ்டிக் வகையை, கண்டுபிடித்த பிறகு அந்த வகைப் பிசினில் கடைந்த சிவப்பு மணிகள் துருக்கிப் பக்கம் ஏராளமாகப் புழங்கின. அப்படியே இருந்தாலும் மனம் தளராதே. அவற்றுக்கும் இன்று நல்ல விலை கொடுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு.

நூல் மாற்றும்போது ஒரு மணியைக் கழற்றி, உப்பு கரையாமல் அடியில் தங்குமளவு கலந்த தண்ணீரில் போட்டுப் பார். பேக்லைட் மூழ்கிவிடும். அம்பர் மிதக்கும், சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும் என்பதால் மிதந்தவுடன் துள்ளிக் குதிக்காதே. சூட்டு ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அவரிடம் மணியைக் கொடுக்காதே.

உப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. பால்டிக் கடல் கரையில் ஒதுக்கும் அம்பர், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரப்பிசின். இடைக்காலத்தில் பிரஷ்யக் கரையை ஆண்ட டியூட்டானிக் வீரத்துறவிகள், போர் புரியும் ஜெர்மானியக் கிறிஸ்தவத் துறவிகள், அதைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். குளிர்ந்த அலையில் வலை போட்டு அள்ளிய குடியானவனுக்குக் கிடைத்த கூலி உப்பு. ஒளித்து வைத்தவனுக்குத் தூக்குமரம். அந்த அம்பர் லூபெக், புரூஜ் நகரத்துப் பட்டறைகளுக்குப் போய் ஜெபமாலை மணிகளானது. புராட்டஸ்டண்டு மதச் சீர்திருத்தத்துக்குப் பின் பல ஊர்களில் ஜெபமாலைக்கு மவுசு குறைந்தது. 1533இல் பிரஷ்யக் கோமகன் ஆல்பிரெக்ட் அம்பர் வணிகத்தை டான்சிக் வணிகர் பால் யாஸ்கியிடம் குத்தகைக்கு விட்டார். சரக்கு கிழக்கு நாடுகளுக்கும் போனது. கடவுளைத் தொழ உருட்டும் மணிக்காகத் தூக்குமரம் நட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1941இல் ஜெர்மானியர் ரஷ்ய அரண்மனையிலிருந்து பெயர்த்தெடுத்துக் கோனிக்ஸ்பெர்க்குக்கு (இன்றைய கலினின்கிராட்) கொண்டுபோன, சுவரெல்லாம் அம்பர் பதித்த அம்பர் அறையைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1945க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. ரஷ்யர்கள் புதிதாகச் செய்து 2003இல் திறந்தார்கள். சுவர் முழுக்க அம்பரை ஒட்டுவது அரசர்களின் ஆடம்பரம். கையில் உருளும் மணிதான் எனக்குப் பிடித்தது.

வலது கண்ணில் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மார்கழியில் காயல்பட்டினம் வருகிறேன். அதற்கு முன் பேத்தியின் பெயரை எழுது.

அன்புடன்,
சந்திரன்