மாத்திரை டப்பாவும் பிள்ளையின் போனும்

தண்டையார்பேட்டை

அன்பு நண்பா,

உன் பிள்ளையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பியிருக்கும். இனிமேல்தான் வீடு கனக்கும்.

நீ திரும்பத் திரும்பக் கேட்டாயே, "மார்ஃபின் கொடுத்தே பிள்ளையை அனுப்பிவிட்டோமோ?" என்று. இல்லையப்பா. டாக்டர் சொன்ன அளவில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தது வலியைத்தான் அடக்கியது. உயிரை எடுத்தது புற்றுநோய். கடைசி இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லையே என்று தவிக்காதே. உடம்பு ஓயும்போது பசியும் தாகமும் தானாக அடங்கும், விழுங்கவும் முடியாது. வற்புறுத்தி ஊற்றியிருந்தால் நுரையீரலுக்குள் போயிருக்கும். பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தீர்களே, அதுதான் சரி. தொண்டையில் கேட்ட கரகரப்பு, தேங்கிய எச்சில். அந்த மயக்கத்தில் அது பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. உன் மனைவியிடம் இதை நீயே சொல். அவள் கேட்கவில்லை என்றாலும் அதே கேள்விதான் அவளையும் அரித்துக்கொண்டிருக்கும்.

மிச்ச மாத்திரைகளை எண்ணி, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்துவிடு. தூக்கம் வராத ராத்திரிகளில் அந்த டப்பா வீட்டில் இருக்கவே கூடாது. பழகாத உடம்பில் மூச்சையே அடக்கிவிடும். வலிக்கு ஒட்டிய பேட்ச் இருந்தால், கழற்றியதிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வர மடித்து அதையும் கொடுத்துவிடு.

போனை அணைத்துப் பீரோவில் வைக்காதே. வாட்ஸ்அப் 120 நாள் திறக்காமல் கிடந்தால் கணக்கே அழிந்துபோகலாம். அவன் குரல் பதிவுகளைக் காப்பி எடுத்து வை. இப்போதே கேட்க வேண்டாம், நெஞ்சு தாங்காது. பேங்க் வேலை முடியும்வரை சிம்மையும் விடாதே, ஓடிபி அதற்குத்தான் வரும்.

இறப்பைப் பதிய 21 நாள்தான். வீட்டில் நடந்ததால் தகவல் சொல்வது உன் பொறுப்பு. மூலக்கொத்தளம் மயானத்தில் கொடுத்த ரசீது, டாக்டர் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்து வை. பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பதுபோலவே பதிவாக வேண்டும். மாறினால் பேங்கிலும் பிஎஃப்பிலும் இழுத்தடிப்பார்கள். கல்யாணமாகாத பிள்ளை, உயிலும் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வாரிசு தாய்தான், தகப்பன் அடுத்த வகுப்பு. வருத்தப்படாதே, சட்டம் அப்படி. பிஎஃப்போடு சேர்ந்த காப்பீட்டுத் தொகையையும் கேள், 7 லட்சம்வரை உண்டு. பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அவள் அவனைப் பற்றியே பேசுவாள், நீ வாயே திறக்கமாட்டாய். இரண்டும் துக்கம்தான். அவள் பேசும்போது எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார். தாங்க முடியாத நேரத்தில் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடி, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு வருகிறேன். மாநகராட்சி அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம்.

உன் நண்பன்