தேன் சீசன்ல எங்க பிள்ளைங்களுக்கு லீவு இல்ல ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். போன இதழ்ல வீட்டுக்கல்வி பத்தின கட்டுரையில "கால அட்டவணை இல்லாத வீட்டுக்கல்வி ஒரு நீண்ட விடுமுறைதான்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. பக்கத்துலயே ஒரு போட்டோ, தனி ரூம், வெள்ளை போர்டு, மேசை மேல உலக உருண்டை. இதுதான் வீட்டுக்கல்வின்னா எங்க வீட்டுல நடக்கிறதுக்கு என்ன பேர்னு நீங்களே சொல்லுங்க.

நாங்க மார்த்தாண்டம் பக்கம், தேனீ வளர்க்கிற குடும்பம். ரப்பர் இலை உதிர்ந்து புதுத்துளிர் விடுற தை, மாசி, பங்குனிதான் எங்களுக்கு வருஷம் முழுக்க சோறு போடுற மாசங்கள், அப்போ பெட்டிகளோட கேரளா தோட்டங்களுக்குக் குடும்பமா போயிடுவோம். அந்தி சாஞ்சு ஈ எல்லாம் கூட்டுக்குள்ள வந்தப்புறம்தான் வாசல அடைச்சு பெட்டிய ஏத்த முடியும், ராத்திரி ஒரு மணிக்கு வண்டியில இருக்கிற பிள்ளை காலையில ஒன்பது மணிக்கு எந்த அட்டவணையில உக்காரும்?

மூத்தவ பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தப்போ ஒவ்வொரு சீசனுக்கும் இதே சண்டை. காய்ச்சல்னு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, அட்டெண்டன்ஸ சரி பண்ணிடலாம்னு சொன்னாங்க. அப்பா கூடத் தொழிலுக்குப் போனேன்னு உண்மையச் சொன்னா தப்பு, பொய்ச் சீட்டு குடுத்தா சரியாம், அதையும் பிள்ளைய நிக்க வெச்சே சொன்னாங்க. வீட்டுலயே படிக்க வைக்கிறதுன்னு அன்னைக்கு எடுத்த முடிவுதான் ஐயா, இது பொழுதுபோக்கு இல்ல.

எங்க படிப்பு சீசன் பாத்துத்தான் நடக்கும். சீசன்ல நோட்டு கம்மி, கை வேலை ஜாஸ்தி. ஒரு லிட்டர் பாட்டில்ல தேன் ஊத்தினா ஏன் 1.4 கிலோ காட்டுதுங்கிற கேள்வியில ஆரம்பிச்சு அடர்த்தி என்னன்னு சின்னவன் தானா வந்து சேந்தான். ரப்பர் தேன் பூவுலேர்ந்து வர்றதே இல்ல, துளிர் இலை காம்பு நுனியில இருக்கிற சுரப்பியிலேர்ந்து வருது, அத லென்ஸ் வெச்சுப் பாத்து படம் வரைஞ்சு வெச்சிருக்கா மூத்தவ. 1990கள் தொடக்கத்துல தேனீப் புழுக்களைக் கொல்ற தாய் சாக்புரூட் வைரஸ் வந்து எங்க மாமனார் பெட்டியெல்லாம் காலியான கதைய அவர் சொல்லச் சொல்ல, வைரஸ்னா என்ன, புழு ஏன் பை மாதிரி ஊதிச் சாகுதுன்னு ஒரு மாசம் அது மட்டும்தான் ஓடிச்சு. ஆடிக்கு அப்புறம் தேன் வரத்து இல்லாம ஈக்கு சர்க்கரைப் பாகு வைக்கிற மழைக்காலத்துலதான் இலக்கணம், கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் காலையும் சாயங்காலமும் உக்காந்து. இத லீவுன்னு எழுத எப்படிங்க மனசு வந்துச்சு?

உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல பிள்ளைய வீட்டுல வெச்சுப் படிப்பிக்கிற அப்பா அம்மாவுக்குத் தண்டனைன்னு ஒரு வரி கிடையாது. பன்னிரண்டரை வயசு ஆனா எட்டாம் வகுப்பு தனித்தேர்வு எழுதலாம், 14 ஆனா என்.ஐ.ஓ.எஸ்.ங்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுதலாம், அஞ்சு வருஷத்துக்குள்ள பாடம் பாடமா பாஸ் பண்ணிக்கலாம். எங்கள மாதிரி ஊர் மாறிப் பிழைக்கிறவங்களுக்கு இந்தத் தகவல்தான் வேணும், கட்டுரையில இதுக்கு ரெண்டு வரி இடம் இல்லாம போச்சு. மே மாசமானா முதல் மார்க் வாங்கின பிள்ளைங்க போட்டோ பக்கம் பக்கமா வருது, அத நான் குறை சொல்லல, அந்தப் பிள்ளைங்க உழைப்பு பெருசுதான். ஆனா கிடை போட ஆடு ஓட்டிட்டுப் போற வீட்டுப் பிள்ளை, செங்கல் சூளைக்கு மாசக்கணக்கா போற வீட்டுப் பிள்ளை எல்லாம் எப்படிப் படிக்குதுன்னு யாராவது நேர்ல போய் எழுதினதா எனக்கு ஞாபகம் இல்ல. சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல எம் பிள்ளைகிட்ட "ஏழும் எட்டும் எவ்வளவு"ன்னு கேட்டு சோதிக்கிறாங்க, அத நான் தாங்கிக்குவேன், நான் இத்தன வருஷமா காசு குடுத்து வாங்குற பத்திரிகையும் அதையே செஞ்சா வலிக்குது.

நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. நீங்க நடத்துற சிறுவர் கட்டுரைப் போட்டி படிவத்துல தலைமை ஆசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை கட்டாயம்னு இருக்கு. போன வருஷம் மூத்தவ தேனீ பத்தி எழுதி அனுப்பின கட்டுரை முத்திரை இல்லைன்னு திரும்பி வந்துச்சு, யாரும் படிச்ச மாதிரியே தெரியல. அந்த இடத்துல "பள்ளி முத்திரை அல்லது பெற்றோர் கையெழுத்து"ன்னு மாத்துங்க. அடுத்த படிவம் வர்றதுக்கு முன்னாடி மாத்திட்டா நல்லது, தை பொறந்தா நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்