என்ஜினை இறக்கி ஏற்ற உதவிய அத்தனை பேருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

கார் ஓடுகிறது. பின்னால் நீலப் புகை இல்லை, ஆயில் குறையவில்லை, கிளட்ச் வழுக்கவில்லை. நேரில் பார்க்கும்போது நன்றி என்று வாயெடுத்தாலே "இதுக்கெல்லாமா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுத்தில் சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்த மடல்.

தூக்கியவர்கள், தள்ளியவர்கள், டார்ச் பிடித்தவர்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் வேலைக்கு நடுவே "கொஞ்சம் நில்லு" என்று தடுத்தவர்களுக்குத்தான் கடன் அதிகம். ஸ்பேனரைப் பிடித்திருப்பவன் கண்ணுக்கு அடுத்த போல்ட் மட்டும்தான் தெரியும். முழு வண்டியையும் பார்ப்பது பக்கத்தில் நிற்கிற ஆள்தான்.

முதலில் தடுத்தவர், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜோடு வந்த அண்ணன். புகையைப் பார்த்ததும் என்ஜினை இறக்கிவிடலாம் என்று நான் கிளம்பியபோது, அளந்து பார்க்காமல் எதையும் தொடாதே என்றார். ஒரு சிலிண்டரில் அளவு குறைவாகக் காட்டியது. ஸ்பார்க் பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுற்றினார், முள் ஏறியது. பிஸ்டனில் மாட்டியிருக்கும் ரிங்கைச் சுற்றி ஆயில் அடைத்துக்கொள்வதால்தான் ஏறுகிறது, அப்படியென்றால் தேய்ந்தது ரிங், வால்வு இல்லை என்று விளக்கினார். அதற்குப் பிறகுதான் என்ஜினை இறக்குவது என்று முடிவானது.

என்ஜினைத் தூக்கும் கிரேனைக் கொடுத்தவர் கூடவே நின்று ஒரு பாடமும் நடத்தினார். அதன் கையை உள்ளே இழுத்து வைத்தால் 2 டன் தாங்கும், கடைசித் துளை வரை நீட்டினால் அரை டன்தான். என் நாலு சிலிண்டர் என்ஜின் 100 கிலோவுக்குச் சற்று மேல், ஆகவே எந்தத் துளையிலும் கவலையில்லை. கவலை தரையைப் பற்றித்தான். தொங்கும் பாரத்தோடு கிரேனை உருட்டும்போது சின்னக் கல் சக்கரத்தில் மாட்டினாலும் மொத்தமும் சாயும் என்று சொல்லி, துடைப்பத்தை எடுத்து வாசலை அவரே பெருக்கினார்! தொங்கும் என்ஜினுக்குக் கீழே யாரும் கையை நீட்டக் கூடாது, ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு போட்டே ஆகவேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து நன்றி, அண்ணே.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு மட்டுமல்ல. ரேடியேட்டரைத் திறக்கப் போனபோது பெரிய தட்டு ஒன்றை நீட்டி, ஒரு சொட்டுகூடக் கீழே விழக் கூடாது என்றார். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். பூனையும் நாயும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும். அவர் வீட்டுப் பூனைகள் என் காருக்கு அடியில்தான் தூங்குகின்றன என்பது அதுவரை என் கவனத்திலேயே இல்லை.

அப்புறம் என் மகள். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றுமுன் படம் பிடித்து, இரண்டு முனையிலும் காகித டேப் ஒட்டி, ஒரே எண்ணை எழுதினாள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் கியர் பாக்ஸின் முகத்தை வரைந்து, எந்தத் துளையில் எந்த போல்ட் இருந்ததோ அதே இடத்தில் குத்தியும் வைத்தாள். அந்த போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அடியில் முட்டி நின்றுவிடும், இறுகியதுபோலத் தெரியும், ஆனால் பிடித்திருக்காது. திருப்பிப் பூட்டும்போது தேடல் என்கிற பேச்சே இல்லாமல் போனதற்கு அந்த அட்டைதான் காரணம்.

ஏசி வேலை தெரிந்த தம்பி போனிலேயே காப்பாற்றினார். பைப்பைத் தொடாதீங்க, கம்ப்ரஸரை மட்டும் அவிழ்த்து பைப்போடு ஓரமாக நகர்த்திக் கட்டி வையுங்க என்றார். கேஸ் வெளியே போகவில்லை, மறுபடி நிரப்பும் வேலையும் இல்லை. பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்கச் சொன்னதும் அவர்தான்.

லேத்தில் இருந்தவர் சிலிண்டரை அளந்துவிட்டு, போர் போட்டுக் குடைந்து பெரிதாக்க வேண்டாம், உள்சுவரை லேசாகத் தேய்த்துவிடும் ஹோனிங் போதும் என்று தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்டார். புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் சிலிண்டருக்குள் நேராக வைத்து, இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகள் உள்ள ஃபீலர் கேஜால் பார்க்கக் கற்றுத் தந்தார். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும், சிலிண்டரைக் கீறிவிடும்.

இனி, நம் எல்லோரையும் வாட்டி எடுத்த அந்த மாலை. என்ஜின் கிரேனில் தொங்குகிறது, கியர் பாக்ஸ் வண்டியிலேயே ஜாக்கி மேல் நிற்கிறது. கியர் பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் போய், அதன் நுனி, என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் நடுவில் உள்ள சின்ன பேரிங்கில் உட்கார வேண்டும். பார்க்க வழியில்லை, கைதான் கண். கிட்டத்தட்டச் சேர்ந்தது, விரல் தடிமன் இடைவெளியில் நின்றுவிட்டது. தள்ளினால் அசையவில்லை. நீளமான போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று சொன்னவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை, அவருக்கே தெரியும்.

அப்போதுதான் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். லாரி என்ஜின்களோடு வாழ்ந்தவர். "போல்ட் இழுக்கக் கூடாது. தானா வந்து ஒட்டணும். ஒட்டின பிறகுதான் போல்ட்டுக்கு வேலை" என்றார். இழுத்திருந்தால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்திருக்கும், இல்லை கியர் பாக்ஸில் போல்ட் பூட்டும் காதே உடைந்திருக்கும். வண்டியை கியரில் போடச் சொன்னார், ஷாஃப்ட் சுற்றாமல் நிற்பதற்காக. முன்பக்க போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி என்ஜினை இம்மி இம்மியாகச் சுற்றச் சொன்னார். கிரேன் பிடித்தவரிடம் ஒரு நூல் கீழே, இன்னும் ஒரு நூல் என்று சொல்லிக்கொண்டே, இரண்டு முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் சமமாகும்வரை பார்த்தார். பிறகு லேசாக அசைக்கச் சொன்னார். டொக் என்று ஒட்டிக்கொண்டது. யாருமே பலத்தைக் காட்டவில்லை.

ஐயா, கிளட்ச் பிளேட்டை நடுவாக்கும் பிளாஸ்டிக் கருவியை வைத்துத்தான் அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கியிருந்தோம். அதைக் கேட்டு நீங்கள் தலையாட்டியதே எனக்குச் சான்றிதழ்.

மற்றதெல்லாம் சுலபம்: என்ஜினைத் தாங்கும் மவுண்டிங், ஹோஸ், பெல்ட், போல்ட்டுகளை அளவாக முறுக்க டார்க் ரெஞ்ச். சாவியைத் திருப்பும் நேரத்தில் எலக்ட்ரீஷியன் சித்தப்பா ஒரே கேள்வி கேட்டார்: "எர்த் பட்டை பூட்டியாச்சா?" என்ஜினையும் வண்டியின் பாடியையும் மின்சாரத்துக்காக இணைக்கும் பட்டை அது; மவுண்டிங் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தப் பட்டை இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும், ஆக்ஸிலரேட்டர் கேபிளைக்கூடச் சூடாக்கி உருக்கிவிடும். பட்டையைப் பூட்டினோம். ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃபில் மட்டும் சுற்றினோம். அதற்குப் பிறகு பிடித்த முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்கள் தட்டிய கைதட்டலில் அக்காவின் பூனைகள் எல்லாம் ஓடிவிட்டன, மன்னிக்கவும்.

ரிங் பதியும் வரை ஒரே வேகத்தில் ஓட்டுவதில்லை, சும்மா நிறுத்தி உறுமவிடுவதும் இல்லை. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றப்போகிறேன். வடிகிற ஆயிலில் இரும்புத்தூள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சொல்லிவைத்தால் அன்று கூப்பிடுகிறேன்.

கருவிகளையெல்லாம் டீசலில் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். 14 எண் ரிங் ஸ்பேனர் ஒன்றும், காந்தக் குச்சி ஒன்றும் யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். கிரேன் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்து அது யார் வாசலுக்குப் போகிறதோ, அங்கே டார்ச் பிடிக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
காரின் சொந்தக்காரன்